மதியம் சல்பேட் பீக் மட்டும் தள்ளிப்போகிறதா? அறைச் சூட்டைப் பாருங்கள்

அயனி குரோமட்டோகிராஃபியில் (நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் முறை) சல்பேட் பீக் மட்டும் ஏன் நகர்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அயனிகளைப் பிரிக்கும் ரெசின் நிரம்பிய பிரிப்புக் குழாயின் வெப்பநிலைதான் முதல் சந்தேகம். குளச்சல் கிணற்று நீரில் காலையில் சரியாக வந்த சல்பேட் பீக் (அந்த அயனி வெளிவரும்போது வரைபடத்தில் எழும் மேடு), மதியம் பிந்தி வருகிறது. நைட்ரேட் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்கிறீர்கள். குழாயைச் சூடாக வைக்கும் ஓவனும் அணைத்தே இருக்கிறது.

கார்பனேட் எலுவென்ட்டில் (அயனிகளைக் குழாய் வழியே தள்ளிச் செல்லும் கரைசல்) சூடு ஏறினால் எல்லா அயனியும் சீக்கிரம் வெளியே வரும் என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சல்பேட், பாஸ்பேட் போன்ற பல மின்சுமை அயனிகள் ரெசினில் இன்னும் அதிக நேரம் தங்கும். நைட்ரேட், புரோமைடு பெரிதாக அசையாது. அயோடைடு, பெர்குளோரேட் முந்தி வரும்.

இதை உறுதிசெய்ய பம்பின் அழுத்தத்தைக் கவனியுங்கள். அதே ஓட்ட வேகத்தில் மதியம் அழுத்தம் குறைந்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது. சூடு ஏற ஏற நீரின் பாகுத்தன்மை டிகிரிக்குச் சுமார் 2% குறையும், அதனால் அழுத்தமும் இறங்கும். அப்புறம் ஓவனை 35 டிகிரியில் வைத்து, வரைபடத்தின் அடிக்கோடு அசையாமல் நின்ற பிறகு ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த கரைசலை) ஓட்டுங்கள். ஓவன் சூடாக்க மட்டுமே செய்யும் என்றால், நம்மூர் மார்ச், ஏப்ரல் வெயிலில் அறை எட்டும் சூட்டுக்கு மேலேதான் அமைக்க வேண்டும். குழாயின் உச்ச வரம்பைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எலுவென்ட் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்தாலும் சல்பேட் பிந்தும். ஓவன் போட்டும் நகர்ந்தால் எலுவென்ட்டைப் புதிதாகக் கலக்குங்கள். தொடக்கத்தில் வரும் நீர்ப் பள்ளமும் (மாதிரியின் நீர் வெளிவரும்போது கோடு கீழே இறங்கும் இடம்) சேர்ந்து நகர்ந்தால் பம்பையோ கசிவையோ தேடுங்கள்.

வெப்பநிலையை மாற்றியபின் பழைய அளவுத்திருத்தக் கோடு (பீக்கை அயனியின் அளவாக மாற்ற உதவும் கோடு) செல்லாது, புதிதாகப் போடுங்கள்.