மூன்று மாதக் குழந்தைக்கு நாம் பழகும் விதம் புரியுமா?

"யார் தூக்கினாலும் ஒன்றுதான், அதற்கு என்ன தெரியும்" என்று வீட்டில் உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தெரியும். சொல் புரிவதற்கு வெகு முன்பே குழந்தைக்கு அசைவு புரிந்துவிடுகிறது.

என் மகளின் மூன்றாவது மாதத்தில், தினமும் காலையில் என் மாமியார்தான் அவளைக் குளிப்பாட்டத் தூக்கிச் செல்வார். பாயில் மல்லாந்து கிடந்து ஓயாமல் காலை உதைத்துக்கொண்டிருப்பாள். அத்தை குனிந்து கைகளை நீட்டியதும் உதைப்பது நின்றுவிடும். கால்களை மடக்கிக்கொள்வாள், கைகளை அகட்டி, அக்குளில் இடம் விடுவாள். அத்தையின் விரல் மேலே படுவதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடும். அதே அத்தை அருகில் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் இராது. எத்தனை நாள் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

பிறகுதான் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாசுதேவி ரெட்டியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். தாய் கை நீட்டியதுமே மூன்று மாதக் குழந்தைகள் தூக்கப்படுவதற்கு உடம்பைத் தயார் செய்துகொண்டன. அதுவரை முகத்தில் இருந்த பார்வை கைகளுக்கு இறங்கியது. இரண்டாம் மாதத்திலேயே இதன் தொடக்கம் தெரிந்தது. தூக்குவது இருவரும் சேர்ந்து செய்யும் காரியம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அசைவின் மீதான இந்த நாட்டம் பிறவியிலேயே வருவது போலிருக்கிறது. இத்தாலியின் படுவா நகரில், பிறந்து இரண்டே நாளான சிசுக்களுக்கு ஒரு கோழி நடப்பதை வெறும் ஒளிப்புள்ளிகளாகக் காட்டினார்கள். கோழியைக் கண்டேயிராத அந்தக் கண்கள், தாறுமாறாக நகரும் புள்ளிகளைவிட அதையே அதிக நேரம் பார்த்தன (2008).

ஒன்றை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மேடேறும் பொம்மையைத் தடுக்கும் பொம்மையைவிட, அதற்கு உதவும் பொம்மையையே ஆறு மாதக் குழந்தைகளும் விரும்புகின்றன என்ற 2007ஆம் ஆண்டு ஆய்வு மிகவும் பிரபலம். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரே உதவும் பொம்மையை எடுத்தார்கள். குழந்தை நன்மை தீமையைப் பிரித்தறிகிறது என்று சொல்லும் அளவுக்கு நான் போக மாட்டேன்.

நாளைக் காலை குழந்தையைத் தூக்கும்போது, கைகளை நீட்டிவிட்டு ஒரு நொடி அப்படியே நிறுத்துங்கள். கால்களைக் கவனியுங்கள். உங்கள் மாமியாரையும் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.