இயற்கைத் தேனீ வளர்ப்பாளரிடம் மகளை அனுப்பும் முன்

பட்டம் வாங்கிய மகள் தேனீ வளர்க்கப் போகிறேன் என்கிறாள், அனுபவமுள்ள ஒருவரின் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவரக் கேட்கிறாள், விடலாமா என்று எழுதியிருக்கிறீர்கள். விடுங்கள். ஆனால் ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் தேன் பாட்டிலோடு திரும்பினால் அது சுற்றுலா. அதைப் பார்த்து நீங்களும் முடிவெடுக்க முடியாது, அவளும் முடிவெடுக்க முடியாது.

முதலில் கொட்டு. கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் உள்ளது. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சிறைப்பு, தலைச்சுற்றல் என்றால் அது உயிராபத்து, உடனே மருத்துவமனை. முன்பு அப்படி வந்திருந்தால் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்த பிறகுதான் தேனீப் பெட்டிப் பக்கம் போக வேண்டும். கொட்டியதும் கொடுக்கை நகத்தால் வழித்து எறியட்டும். பிய்ந்து நிற்கும் கொடுக்கோடு ஒட்டிய நச்சுப்பை நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் வேகம்தான் முக்கியம். உடை வெளிர் நிறத்தில் இருக்கட்டும், சென்ட் வேண்டாம். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு வராதே என்று வளர்ப்பாளர் சொன்னால் சிரிக்க வேண்டாம். கொட்டிய தேனீ விடும் எச்சரிக்கை வாசனையில் முக்கியமான பொருள் ஐசோபென்டைல் அசிடேட். வாழைப்பழ வாசனையிலும் அது உண்டு.

எத்தனை முறை போவது? குறைந்தது மூன்று. ஐரோப்பியத் தேனீயில் பணித்தேனீயின் முட்டை 3-ஆம் நாள் பொரியும், 9-ஆம் நாள் வாக்கில் அது வளரும் மெழுகு அறைக்கு மூடி விழும், 21-ஆம் நாள் தேனீ வெளியே வரும். பெட்டிக்குள் தேனீ அடை கட்டும் மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். முதல் நாள் புது முட்டையுள்ள ஒரு சட்டத்தில் குறி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதே பெட்டி, அதே சட்டத்தை 10-ஆம் நாளும் 21-ஆம் நாளும் பார்த்தால் ஒரு தலைமுறை முழுதும் கண்முன் நடந்துவிடும். பத்துப் பெட்டியை ஒரே நாளில் திறந்து பார்ப்பதில் இது கிடைக்காது. ஆசிய இனத் தேனீ என்றால் கணக்கு ஓரிரு நாள் குறையும்.

பெட்டியைத் திறக்கும்போது அவர் கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாசலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்பார். தேனீயை அமைதிப்படுத்த ஊதும் புகையைப் புறங்கையில் பிடித்துப் பார்ப்பார். சுட்டால் அது இறகைக் கருக்கும். வாசலில் இரண்டு மூன்று ஊதல், ஒரு நிமிடம் பொறுமை. பிறகு ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே சாய்த்து வைப்பார். நடுச் சட்டத்தை முதலில் உருவினால் நெருக்கத்தில் ராணி நசுங்கிப்போகலாம். இடம் கிடைத்ததும் மற்றவற்றை நேராகத் தூக்கி, பெட்டிக்கு மேலேயே பிடித்து, வெயில் தோளுக்குப் பின்னால் இருந்து அறைக்குள் விழும்படி திரும்புவார். அடியில் நட்டமாக நிற்கும் முட்டை புதிது, படுத்துக் கிடப்பது 3-ஆம் நாள் முட்டை. நிற்கும் முட்டையைக் கண்டால் ராணி ஓரிரு நாளுக்கு முன்பு வரை இருந்திருக்கிறாள், அவளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே அறையில் நாலைந்து முட்டை, சுவரில் ஒட்டியபடி இருந்தால் ராணி இல்லாமல் பணித்தேனீக்களே முட்டையிடுகின்றன என்று பெரும்பாலும் கொள்ளலாம். புழுப்பகுதியின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். குளிர்காற்றில் நெடுநேரம் திறந்து வைத்துப் பேசுகிறவர் நல்ல ஆசிரியராக இருக்கலாம், பெட்டிக்கு நல்லவரில்லை.

"இயற்கை முறை" என்ற சொல்லைத்தான் நன்றாக உரசிப் பார்க்க வேண்டும். தேனீ 3 கிலோமீட்டர் வரை, சமயத்தில் அதற்கு மேலும் பறக்கும். அந்த வட்டத்துக்குள் என்ன பயிர், யார் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா? அடுத்தது மெழுகு. கொழுப்பில் கரையும் உண்ணிமருந்துகள் மெழுகில் தங்கிவிடும். ஆகவே அடை கட்ட அடித்தளமாகச் சட்டத்தில் பொருத்தும் மெழுகுத் தகடு எங்கிருந்து வருகிறது, கறுத்த அடையை எத்தனை வருடத்தில் கழிக்கிறார் என்று கேட்கட்டும்.

"நான் மருந்தே போடுவதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், தேனீயிலும் அதன் புழுவிலும் ஒட்டி வாழும் வரோவா உண்ணியை எப்படி எண்ணுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். செய்முறை எளிது. ராணி இல்லாத புழுச் சட்டத்திலிருந்து அரை கப், அதாவது சுமார் 300 தேனீக்களை வலைமூடி போட்ட பாட்டிலில் போட்டு, இரண்டு கரண்டி பொடித்த சர்க்கரையைக் கொட்டி உருட்டி, ஓரிரு நிமிடம் விட்டு, வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்குவது. விழுந்த உண்ணியை மூன்றால் வகுத்தால் சதவீதம். பலரும் 3 சதவீதத்தைத் தாண்டினால் விழித்துக்கொள்கிறார்கள். காற்றில் ஈரம் அதிகமானால் சர்க்கரை கட்டிபட்டு எண்ணிக்கை குறைத்துக் காட்டும். எண்ணாமலே இருப்பவரிடம் பெட்டி செத்தாலும் காரணம் தெரியாது.

எண்ணியபின் என்ன செய்கிறார்? உண்ணிக்கு ஆண் புழு அறை என்றால் உயிர், அதனால் மூடிய ஆண் அடையை வெட்டி எடுப்பது ஒரு வழி. ஆண் தேனீ 24-ஆம் நாள் வெளிவரும். அதற்குள் வெட்ட மறந்தால் உண்ணிப் பண்ணைதான் நடத்தியிருப்போம். உண்ணியைக் கொல்ல அமிலம் இடுவது இன்னொரு வழி. ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் போகாது, ஆகவே புழு இல்லாத நேரத்தில்தான் முழுப் பலன். ஃபார்மிக் அமிலம் மூடியைத் தாண்டும், ஆனால் கடும் வெயிலில் புழுவையும் ராணியையும் கொல்லும். இரண்டுமே பல நாடுகளின் இயற்கை முறை விதிகளில் அனுமதிக்கப்பட்டவை. கையுறை, கண்ணாடி, ஆவி என்றால் அதற்குரிய முகமூடி இல்லாமல் அவள் பக்கத்தில் நிற்கக் கூடாது.

தேன் பற்றி ஒரே சோதனை போதும். முக்கால் பங்கு அறைகள் மூடிய தேன் சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஓர் உதறு. துளி தெறித்தால் பழுக்கவில்லை. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய தேன் புளித்துப்போகும்.

வருமானக் கணக்கை நேராகக் கேட்டால் பாதிப் பேர் மழுப்புவார்கள். போன வருடத் தொடக்கத்தில் எத்தனை பெட்டி, முடிவில் எத்தனை, இடையில் எத்தனையைப் பிரித்துப் புதுக் கூட்டமாக்கினார் என்று கேட்கட்டும். இழப்பு தானே வெளியே வரும். தேன் தவிர மகரந்தச் சேர்க்கைக்குப் பெட்டி வாடகை, கூட்டம் விற்பது, மெழுகு என்று எதில் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். தேன் நிறைந்த பெரிய மேலறை, அதாவது பெட்டியின் மேல் அடுக்கு, 30 கிலோவைத் தாண்டும், அதைத் தூக்கிப் பார்க்கட்டும்.

அவர் அன்பாகப் பழைய சட்டம் கொடுத்தால் வாங்க வேண்டாம். தேனீப் புழுக்களைக் கொல்லும் அமெரிக்கன் ஃபவுல் புரூட் என்ற பாக்டீரியா நோயின் வித்து பழைய சாமானில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். போட்டுவந்த உடையையும் துவைத்துவிட வேண்டும். சொந்தமாகத் தொடங்கினால் இரண்டு பெட்டி. ஒன்றில் ராணி போனால், புது ராணியை வளர்த்துக்கொள்ள மற்றதிலிருந்து முட்டைச் சட்டம் கடன் வாங்கலாம். அந்த இரண்டும் ஒரு வருடம் தாண்டும் வரை பெரிய பணம் இறக்க வேண்டாம், வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

மூன்றாவது முறை போய் வந்த அன்று, தேன் எவ்வளவு கிடைக்குமாம் என்று கேட்காதீர்கள். குறி வைத்த சட்டத்தில் என்ன ஆனது, உண்ணி எத்தனை விழுந்தது என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து தேதியோடு சொன்னாளென்றால் இரண்டு பெட்டிக்கான பணத்தைக் கொடுக்கலாம்.