பேஸ் கிட்டாருடன் மேடை ஏற 300 வாட் ஆம்ப் அவசியமா?

மெல்லிசைக் குழு ஒன்றில் சேர அழைப்பு வந்திருக்கிறது, கையில் 40,000 ரூபாய் இருக்கிறது, அதில் கருவிக்கு எவ்வளவு, கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்கு எவ்வளவு ஒதுக்கலாம், 300 வாட்டுக்குக் குறைந்த ஆம்ப்பை வைத்துக்கொண்டு மேடை ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஏறலாம். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் திருமண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேஸ் வாசித்து வருகிறேன். என் அனுபவத்தில், பணத்தின் பெரும்பகுதி கருவிக்கும் அதைச் சீராக்குவதற்கும் போக வேண்டும், அடுத்தது டிஐ பெட்டிக்கும் (கிட்டாரை ஒலிபெருக்கி அமைப்போடு இணைக்கும் சிறு பெட்டி) நல்ல கேபிளுக்கும், மிஞ்சுவது ஆம்ப்புக்கு. நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தொடங்கியதால், என் வாசிப்பு மக்கள் காதில் எப்படி விழுகிறது என்பதை அறியவே சில ஆண்டுகள் ஆயின.

குழுவில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் கடன் வாங்கி, 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பெரிய ஆம்ப் ஒன்றை வாங்கினேன். அதை வேனிலிருந்து இறக்கி மேடையில் வைக்க இரண்டு பேர் வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் ஆடி மாத அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. ஆம்ப்பை என் முதுகுக்குப் பின்னால் தரையில் வைத்து, எனக்கு நிறைவாகக் கேட்கும் வரை ஒலியைக் கூட்டிவிட்டேன். கச்சேரிக்கு முன் ஒலி அளவுகளைச் சரிபார்க்கும் பேலன்ஸ் நேரத்தில், மைக் செட் அமைத்திருந்த பெரியவர் மேடையேறி வந்து, "தம்பி, ஆம்ப்பைக் குறைச்சுக்குங்க. எனக்கு லைன் மட்டும் சுத்தமாக் குடுங்க, ஜனங்களுக்கு நான் கேக்க வைக்கிறேன்" என்றார். நான் குறைக்கவில்லை. மறுவாரம் ஊர்க்காரர் ஒருவர் எடுத்திருந்த வீடியோவைப் பார்த்தபோது, என் வாசிப்பில் ஒரு ஸ்வரம்கூடத் தெளிவாக இல்லை. பாட்டுக்கு அடியில் லாரி நின்று உறுமுவதைப் போன்ற இரைச்சல்தான் இருந்தது. பாடகியின் குரலும் அதில் மங்கிப்போயிருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

காரணம் எளியது. பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காற்றில் அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கும் சற்று அதிகம். மேல்ஸ்தாயி ஒலிகள் பெரும்பாலும் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில் செல்கின்றன. இத்தனை நீண்ட அலையோ எல்லாப் பக்கமும் பரவி, மேடையிலுள்ள ஒவ்வொரு மைக்கிலும் புகுந்து, ஒலிபெருக்கி வழியாக மீண்டும் ஒரு முறை பெருகி வெளியே வருகிறது. ஆம்ப்பைத் தரையிலோ சுவர் மூலையிலோ வைத்தால் அடித்தொனி இன்னும் பெருகும். மூடிய கல்யாண மண்டபங்களில் அலைகள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால் ஒரு ஸ்வரம் மட்டும் அதிரும், அதற்கு அடுத்தது காணாமல் போகும். அதற்கு உங்கள் விரல் பொறுப்பன்று. அந்த நேரத்தில் ஒலியைக் கூட்டாமல், 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றுக் குறைத்து, 700 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். அடிப்படை அதிர்வைவிட அதன் மேலுள்ள இசைவொலிகளைக் கொண்டே நம் காது பேஸ் ஸ்வரத்தை அடையாளம் காண்கிறது என்பதால், இந்தச் சிறிய மாற்றத்திலேயே நீங்கள் வாசிக்கும் பேஸ் வரி தெளிந்துவிடும்.

இனி வாட் கணக்கு. 150 வாட்டிலிருந்து 300 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே; காதுக்கு அது சற்றே கூடியதாகத்தான் தெரியும். இரண்டு மடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி தேவை. 1969இல் ஆம்பெக் நிறுவனம் 300 வாட் எஸ்விடி ஆம்ப்பை வெளியிட்டபோது, ஒலிபெருக்கி அமைப்புகள் பெரும்பாலும் பாடகரின் குரலுக்காகவே இருந்தன. பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் பேஸைக் கொண்டு சேர்ப்பது ஆம்ப்பின் வேலையாக இருந்தது. இன்று நம் ஊர் மேடைகளில் பேஸ் கிட்டாரின் லைன், அதாவது கேபிளில் வரும் மின்குறிப்பு, நேராக மைக் செட்காரரின் மிக்ஸருக்குப் போகிறது. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் கேட்டால் போதும். நான் இப்போது ஒரு சிறிய ஆம்ப்பை நாற்காலி மேல் வைத்து, ஸ்பீக்கர் என் காதைப் பார்க்கும்படி சாய்த்துக்கொள்கிறேன். முன்பு முழங்காலுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது இப்போது காதுக்குக் கேட்கிறது, குறைந்த ஒலியிலேயே.

டிஐ பெட்டியைச் சொந்தமாக வைத்திருங்கள். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய, எளிதில் இரைச்சல் பிடிக்கும் மின்குறிப்பை, நீண்ட கேபிளில் மிக்ஸர் வரை சேதமின்றிச் செல்லக்கூடிய சமநிலைக் குறிப்பாக மாற்றுவது அதுதான். மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் டிஐக்கு, மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே வரும் 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் வேண்டும். சில மேடைகளில் அந்த வசதி கிடைக்காது. ஆகவே 9 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

இதைச் சொல்லும்போது எர்த் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருவிழா மேடைகளில் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வரும், பக்கத்தில் சீரியல் விளக்குகள் எரியும், ஆம்ப்பில் இடைவிடாமல் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்கும். டிஐ பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் அதற்காகவே இருக்கிறது. பெரும்பாலும் அதைத் தட்டியதும் உறுமல் அடங்கும். அதை விட்டுவிட்டு ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை நீக்குவதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. அந்த எர்த் துண்டிக்கப்பட்டு, ஆம்ப்பில் மின்கசிவும் இருந்தால், கம்பியைப் பிடித்தபடி நீங்கள் மைக்கில் உதடு வைக்கும் கணத்தில் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பாயும். ஒரு கச்சேரியில் கோரஸ் பாடப் போகுமுன் புறங்கையால் மைக்கைத் தொட்டுப் பார்த்தேன், சுரீரென்றது. மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, மேடை முழுவதையும் ஒரே எர்த்துக்கு மாற்றிய பிறகே வாசித்தோம். கச்சேரி அரை மணி நேரம் தாமதமானது. அதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

கருவிக்கு வருகிறேன். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தார். இன்று கடைகளில் உள்ள பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வழி வந்தவை. 1957 முதல் பிரிசிஷனில் உள்ள இரட்டைத் துண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகம்) உறுமலைத் தானே நீக்கிவிடும். ஜாஸ் வகையில் இரண்டு வால்யூம்களையும் முழுதாகத் திறந்தால்தான் உறுமல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்பி வரும். ஆனால் ஜாஸ் வகையின் ஒல்லியான நெக்கும் (கருவியின் கழுத்து), பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கத்துப் பிக்கப்பின் தெளிவும் நம் திரைப்பாடல்களுக்கு மிகவும் பொருந்துகின்றன என்பது என் கருத்து. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் அடித்தளமாக நிற்பதில்லை. பாடுபவரின் மெட்டுக்கு எதிர்மெட்டாக மேல் ஃப்ரெட்டுகள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) வரை ஏறி இறங்கும். சசிதரன் வாசித்த அந்த வரிகளையும், ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் மேடையில் எடுக்கும்போது, நான்கு கம்பிகளும் ஒரே அளவில் பேச வேண்டும். ஒரு கம்பி ஓங்கி, ஒரு கம்பி அமுங்கினால் எதிர்மெட்டு அறுந்துவிடும். பிக்கப்பின் உயரத்தைத் திருப்புளியால் சரிசெய்தாலே இந்தக் குறை பெரும்பாலும் தீரும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

எனவே வாங்கிய கையோடு, கருவியைச் சீராக்கும் செட்டப் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஈ கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விரல் நோகாது, கம்பியும் ஃப்ரெட்டில் உரசாது. மழைக்காலத்தில் ஈரத்துக்கு நெக் வளையும். குளிரூட்டிய மண்டபத்தில் சுதி நகரும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருப்ப வேண்டுமானால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். வியர்வையும் கடற்காற்றும் கம்பியைத் தின்றுவிடும் என்பதால், கச்சேரி முடிந்ததும் பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடப் போவேன். அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவன ஒலிப்பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வாசித்தவர்; எழுபது, எண்பதுகளின் பாடல்களே உங்கள் குழுவில் அதிகம் என்றால் அந்த வகைக் கம்பிகளை முயன்று பாருங்கள். உருண்டையான, சத்தம் உரசாத அந்தத் தொனி தபலாவோடு இழைந்து போகும்.

பேட்டரி வைத்த ஆக்டிவ் கிட்டாரானால், கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இடைவேளையில் கேபிளைப் பிடுங்காமல் விட்டதால், ஒரு வரவேற்பில் நான்காவது பாட்டிலேயே என் ஒலி நொறுங்கி நின்றது. அன்றிலிருந்து என் பையில் புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்று எப்போதும் இருக்கும், இன்னொரு கேபிளும்.

மேடையில் டிரம்ஸ்காரரின் வலது காலைப் பாருங்கள். அந்தக் காலால் மிதிக்கும் கிக் டிரம்மின் அடி விழும் இடத்தில் உங்கள் ஸ்வரம் தொடங்குவது முதல் பாடம். அந்த ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது என்பது நெடுங்காலம் எடுக்கும் பாடம். ஸ்நேர் டிரம்மில் அடி விழும்போது இடது கையால் கம்பியை அமுக்கி ஓய்வு கொடுத்துப் பாருங்கள், குழு முழுவதும் இறுகி நிற்கும். இப்போது பல குழுக்களில் பேஸ் பகுதியைக் கீபோர்டின் இடது கையோ, முன்பே பதிந்த டிராக்கோ எடுத்துக்கொள்கிறது. பாடகர் பல்லவியை இன்னொரு முறை எடுக்கும்போது டிராக்கால் கூடவே போக முடியாது, நம்மால் முடியும். உங்களை ஒரு குழு அழைத்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

உங்கள் 40,000 ரூபாயில் 24,000 வரை நான்கு கம்பிக் கருவிக்கும், 5,000 செட்டப்புக்கும் புதிய கம்பிகளுக்கும், 5,000 டிஐக்கும் இரண்டு கேபிள்களுக்கும் ஒதுக்குங்கள். ஐந்து கம்பிக் கருவியை இப்போது வாங்க வேண்டாம். அதன் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அதைத் தெளிவாகக் காட்டும் ஸ்பீக்கர்கள் நம் மேடைகளில் குறைவு. மீதமுள்ள 6,000 ரூபாய்க்குப் பழைய சிறு ஆம்ப் ஒன்று வீட்டுப் பயிற்சிக்குக் கிடைக்கும். அது மேடைக்குப் போதாது என்று தோன்றினால், முதல் சில கச்சேரிகளுக்கு உங்கள் பக்கம் ஒரு மானிட்டர் வைத்துத் தரும்படி மைக் செட்காரரிடம் பேலன்ஸ் பார்ப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.