பாதியில் நின்ற தையல்: கேள்வி பதில்

அலமாரியில் பல வருஷமாகத் தூங்கும் பூத்தையல், பின்னல், ஒட்டுத்துணி வேலைகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். கேட்டவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் போட்டிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்து நாற்பது வருஷமாகக் கையால் தைக்கிறேன். மெஷின் எம்பிராய்டரி எனக்குத் தெரியாது, அதைக் கேட்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த்: 2009-ல் ஆரம்பித்த மேசை விரிப்பு, துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தோடேயே இருந்துவிட்டது அக்கா. வட்டமாகப் பழுப்புத் தடம். ஊசி குத்தியிருந்த இடத்தில் துரு.

இரண்டும் வேறு வேறு கறை. முதலில் சாயம் போகுமா என்று பாருங்கள்: வெள்ளைப் பஞ்சை நனைத்து, பின்பக்கத்தில் ஒவ்வொரு நிற நூலின் மேலும் அழுத்துங்கள். சிவப்பும் கருநீலமும்தான் காலை வாரும். பஞ்சில் நிறம் ஒட்டினால் நனைக்கவே வேண்டாம். ஒட்டாவிட்டால் ஆறின தண்ணீரில் கொஞ்சம் மென்மையான சோப்பு போட்டு ஊறவையுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயம் போல ஆகும். மாற்றி மாற்றி ஊற்றுங்கள். தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது. டவலில் சுருட்டி ஈரத்தை எடுங்கள்.

துருவுக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும். கறைமேல் மட்டும் வைத்து வெயிலில் காட்டி, நன்றாக அலசுங்கள். நிற நூல்மேல் பட்டால் அது வெளுக்கலாம். பிளீச் ஊற்றினால் துரு இன்னும் மோசமாகும். கறை போகும்வரை இஸ்திரி வேண்டாம். சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

இனிமேல் ஊசியைத் துணியில் குத்திவைக்காதீர்கள். நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு கோடை போதும்.

ஃபீனிக்ஸ்: ஸ்வெட்டரில் ஒரு கைதான் பாக்கி. நூல் பத்தாது, அதே சாயத் தொகுதி (ஒரே தடவையில் சாயம் போட்ட நூல்) இப்போது கிடைக்கவில்லை.

முடித்த கையையும் பிரித்துவிடுங்கள். வலிக்கும், தெரியும். அப்புறம் இரண்டு கைகளையும் பழைய நூலில் இரண்டு வரிசை, புது நூலில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும். சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டால் நேராகும்.

டோங்காட்: எந்த ஊசி வாங்க வேண்டும்?

கிராஸ் ஸ்டிச்சுக்கு முனை மழுங்கினது, மற்ற பூத்தையலுக்குக் கூர்மையானது. வாங்கிய பிறகு துணியில் குத்திவைக்காதீர்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: ஷ்வேஷ்வே துணியில் (அச்சுப் போட்ட நம் ஊர்ப் பருத்தி) பாதி தைத்த போர்வை. வெட்டிய துண்டுகளைத் துவைத்துவிட்டுத் தைக்கலாமா?

வேண்டாம், ஓரமெல்லாம் பிரிந்துவிடும். அந்த விறைப்பு கஞ்சிதான். துவைத்தால் போய்விடும், துணியும் கொஞ்சம் சுருங்கும். பாதி துவைக்காத துணியில் தைத்தாயிற்றா, மீதியும் துவைக்காததாகவே இருக்கட்டும். எல்லாம் சேர்ந்தே சுருங்கும்.

வெருலம்: என் ஆயா, அதாவது பாட்டி, பாதி தைத்த மயில் விரிப்பு என்னிடம் இருக்கிறது. ஆயா காலமாகிவிட்டார். நான் முடிக்கலாமா?

முடிக்கலாம். ஆனால் அவர் விட்ட இறகின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள், அடுத்த இறகில் ஆரம்பியுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் மறுபடி: பெரியவர்கள் விட்டதைத் தொடுவது சரியில்லை அக்கா. அப்படியே ஃபிரேம் போடட்டும்.

டோங்காட் அண்ணனும்: அருங்காட்சியகத்தில் பழைய தையலின் மேல் ஊசி வைக்கவே விடமாட்டார்கள்.

அது அருங்காட்சியகம் அண்ணா. இது சோறு வைக்கிற மேசைக்காக ஒருத்தி தைத்தது. என் அம்மா விட்டுப்போன தட்டு விரிப்பை நான் முடித்தேன். அவர் ஒற்றை இழையில் காம்புத் தையல் போடுவார், இழுத்து, அரிசி நீளத்துக்கு. என்னுடையது தளர்வு. மூன்றாவது இலைக்கும் நாலாவது இலைக்கும் நடுவில் கை மாறியது பளிச்சென்று தெரியும். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது வருகிறவர்களுக்கு அந்த இடத்தைத்தான் விரல் வைத்துக் காட்டுகிறேன்.

ஃபிரேம் போட்டால் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி துணியை ஒட்டக் கூடாது. நடுவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். வெயில் விழுகிற சுவரும் வேண்டாம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: அப்போதும் அது ஆயாவுடைய வேலை இல்லையே.

இல்லைதான். இரண்டு பேருடையது. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

ஸ்டாங்கர்: வளையத் தடம் எப்படிப் போகும்?

முதல் பதில்.

லெனேசியா: கம்பளித் தையலில் அந்துப்பூச்சி. ஃப்ரீசரில் வைத்தேன். பூச்சி செத்தது, ஆனால் இஸ்திரியில் அழித்த ஃப்ரிக்ஷன் பேனாக் கோடுகள் திரும்பி வந்துவிட்டன!

அந்த மை சுமார் 60 டிகிரி சூட்டில் மறையும், மைனஸ் 10-க்குக் கீழே போனால் திரும்பும். உங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18 இருக்கும். மெல்லிய துணி போட்டு மறுபடி இஸ்திரி வையுங்கள், போய்விடும். அடுத்த தடவை தண்ணீரில் கரைகிற நீலப் பேனா. அதற்கு நேர்மாறு: அலசுவதற்கு முன் இஸ்திரி பட்டால் கோடு நிரந்தரம்.

வெருலம்: பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன் அக்கா. ஆயாவின் ஊசி இன்னும் அதில் இருக்கிறது, பச்சை நூலோடு.

உடனே எடுங்கள். இழுக்காதீர்கள், முதலில் காதிலிருந்து நூலை உருவிவிட்டு, ஊசியைத் தனியாக எடுங்கள். நூலை மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். அறுந்தால் விதி. அறாமல் நாலு விரல் நீளம் இருந்தால் புது ஊசியில் கோர்த்து, உங்கள் முதல் தையலை அந்த நூலிலேயே போடுங்கள். இறகின் நடுவில் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, இதற்கு மட்டும் விலக்கு.