போஸ்னான்ஸ்கி எந்தப் பரம்பரை?

கேள்வி: 'போஸ்னான்ஸ்கி' என்ற குடும்பப் பெயர் போலந்துக் கத்தோலிக்கர்களுக்கும் இருக்கிறது, யூதர்களுக்கும் இருக்கிறது. இது எந்தப் பரம்பரை? இன்று எத்தனை பேருக்கு இருக்கும்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: 'பரம்பரை'யை முதலில் இறக்கி வையுங்கள். இந்தப் பெயருக்கு மூலபுருஷர் கிடையாது. மேற்குப் போலந்தில் வார்த்தா ஆற்றங்கரையில் இருக்கும் நகரம் போஸ்னான். 'ஸ்கி' என்பது அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று காட்டும் விகுதி. ஆனால் போஸ்னானிலேயே குடியிருப்பவரை அப்படி அழைத்து என்ன பயன்? அங்கே எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள்தானே! ஊரை விட்டுக் கிளம்பி வேறு ஊரில் கடை போட்டவருக்குத்தான் அது ஒட்டியது. பல காலங்களில் பல திசைகளுக்குப் போனவர்கள் அவர்கள். எனவே இரண்டு போஸ்னான்ஸ்கிகள் உறவினராக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை.

'ஸ்கி' என்றாலே ஜமீன் வம்சம் என்று இன்னமும் நமக்கு எழுதுகிறார்கள். பிரபுக்கள் தங்கள் கிராமப் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டது உண்மை. பிறகு நகரத்தாரும் குடியானவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கொல்லன் வீட்டுப் பிள்ளையும் கொவால்ஸ்கி ஆனான். அவனுக்கு ஏது ஜமீன்?

யூதர்களில் பெரும்பாலோர் தந்தை பெயராலேயே அறியப்பட்டவர்கள். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று, போலந்தின் தென்பகுதியை அப்போது ஆண்ட ஆஸ்திரியா 1787இல் சட்டம் போட்டது. ரஷ்யப் பிடியிலிருந்த போலந்து ராஜ்யத்தில் 1821இல் ஆணை வந்தது. பலர் ஊர்ப் பெயரையே பதிந்தார்கள். போலிஷில் பதிந்தவர் போஸ்னான்ஸ்கி, ஜெர்மனில் பதிந்தவர் போஸ்னர் (அந்த மொழியில் ஊரின் பெயர் போசன்). வார்ஷாவ்ஸ்கியும் வார்ஷவரும், க்ராகோவ்ஸ்கியும் க்ராகவரும் இதே வகை. இவர்களில் பெயர்பெற்றவர் வூச் நகரப் பருத்தி ஆலை அதிபர் இஸ்ராயெல் போஸ்னான்ஸ்கி (1833–1900). அவருடைய ஆலை இன்று 'மனுஃபக்தூரா' வணிக வளாகம். மாளிகை நகர அருங்காட்சியகம்.

எத்தனை பேர்? போலந்து அரசு தன் மக்கள் பதிவேட்டிலிருந்து குடும்பப் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண் 'போஸ்னான்ஸ்கா' என்று இருப்பார். இரண்டையும் கூட்ட வேண்டும். ஆண் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பாதிக் கணக்கை முழுக்கணக்காகச் சொல்பவர்கள் நிறைய.

கூட்டினாலும் உங்கள் கேள்விக்கு விடை வராது. அந்தப் பட்டியலில் மதம் இல்லை. 1939இல் போலந்தில் ஏறத்தாழ 33 லட்சம் யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேரை நாஜிகள் கொன்றார்கள். தப்பியவர்களில் பெரும்பகுதியினர் நாட்டைவிட்டுப் போனார்கள். இந்தப் பெயர் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் இன்றைய போலந்து வரைபடத்தை விரித்து, இது யூதர்களிடம் அரிதான பெயர் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் அந்தக் கொலையைத்தான் புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

தேட விரும்பினால், பெயருக்கு முன் ஊரைப் பிடியுங்கள். நடுப் போலந்தில் 1808 முதல் 1825 வரை எல்லா மதத்தாரின் பிறப்பு, திருமணம், இறப்பும் ஒரே பதிவேட்டில். பெரும்பாலும் எழுதியவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு. 1868 தொடங்கி முதல் உலகப் போர்க்காலம் வரை பதிவுகள் ரஷ்ய மொழியில். அங்கே பெண் 'போஸ்னான்ஸ்காயா' ஆகிவிடுவார். இது தெரியாமல் போலிஷ் எழுத்தில் மட்டும் தேடிவிட்டு, 'பாட்டியைப் பற்றிய பதிவே இல்லை' என்று கைவிடுகிறார்கள்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரைச் சுருக்கிவிட்டார் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். பயணிகள் பட்டியலைத் தயாரித்தது கப்பல் கம்பெனி, அதுவும் கப்பல் கிளம்பிய துறைமுகத்தில். தீவிலிருந்த அதிகாரி அதைச் சரிபார்த்தார், அவ்வளவே. பெயரைச் சுருக்கியது பிற்பாடு, பெரும்பாலும் அவர்களே. ஆகவே கப்பல் பட்டியலில் பழைய பெயரைத் தேடுங்கள். 1906க்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊரும் எழுதியிருக்கும். அந்த ஊர் கிடைத்துவிட்டால் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்பதும் தெரிந்துவிடும்.