ஒரே அளவில் வெட்டிய வாய்க்கால்களில் காற்று ஏன் சமமாகப் பாய்வதில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலம் ஒன்றுக்காக, 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள கிராஃபைட் தகட்டில், 1 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் கொண்ட 50 நேரான பள்ளங்களை, இடையிடையே 1 மி.மீ. மேடு விட்டு வெட்டியிருக்கிறீர்கள். அவற்றுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பள்ளம் 3 மி.மீ. அகலம். காற்று ஒரு மூலையில் நுழைந்து எதிர்மூலையில் வெளியேறுகிறது. குறைந்த மின்னோட்டத்தில் மின்கலம் ஒழுங்காக இயங்குகிறது, சதுர செ.மீ.க்கு 1 ஆம்பியரை நெருங்கியதும் சில நிமிடங்களில் மின்னழுத்தம் சரிகிறது. காற்றைக் கூட்டினால் சற்று மீண்டு, மறுபடி சரிகிறது. "எல்லாப் பள்ளங்களும் ஒரே அளவு, எந்தப் பள்ளத்தின் வழியே போனாலும் மொத்தப் பாதை ஒரே நீளம், பிறகு ஏன் சமமாகப் பரவவில்லை?" என்பது உங்கள் கேள்வி.

நான் வரைந்த முதல் தகடும் ஏறத்தாழ இதுவே. வரைபடத்தில் அது அவ்வளவு அழகாக இருந்ததால், கணக்குப் போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இனி வசதிக்காக, பள்ளங்களை வாய்க்கால்கள் என்றும், அவற்றுக்கிடையே உள்ள மேடுகளை வரப்புகள் என்றும், காற்றைப் பிரித்துத் தரும் பள்ளத்தைத் தலைவாய்க்கால் என்றும், வெளியேற்றும் பள்ளத்தை வடிகால் என்றும் அழைக்கிறேன். பாசனத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே எழும் வழக்குத்தான் இங்கும் நடக்கிறது என்பதால் இச்சொற்கள் நன்றாகவே பொருந்துகின்றன.

வாய்க்கால்கள் ஒரே அளவில் இருப்பது சமப் பங்கீட்டுக்கு உத்தரவாதம் அன்று. ஒவ்வொரு வாய்க்காலின் தலைப்பிலும் கடைசியிலும் நிலவும் அழுத்தங்களின் வேறுபாடு எல்லா வாய்க்கால்களுக்கும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அவற்றில் ஒரே அளவு காற்று பாயும். அந்த வேறுபாட்டைக் கெடுப்பது தலைவாய்க்காலும் வடிகாலும். ஆகவே தலைவாய்க்காலின் நெடுகே அழுத்தம் எவ்வளவு மாறுகிறது, வாய்க்காலின் நெடுகே எவ்வளவு வீழ்கிறது என்ற இரண்டு எண்களின் விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னது பின்னதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கினால் பங்கீடு பெரும்பாலும் ஏற்கத்தக்கதாக இருக்கும். பாதியைத் தொட்டால் வடிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை.

உங்கள் தகட்டுக்கே கணக்கிடுவோம். 100 சதுர செ.மீ. பரப்பில் 100 ஆம்பியர் ஓடுகிறது. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களைப் பெறுகிறது என்பதால், மின்னோட்டத்தையும் வினைபுரியும் பொருளின் அளவையும் இணைக்கும் ஃபாரடே விதிப்படி தேவைப்படும் காற்றைப் போல் இரு மடங்கு ஊட்டினால், 80 டிகிரி செல்சியசில், வளிமண்டல அழுத்தத்தில், நொடிக்கு ஏறத்தாழ 71 கன செ.மீ. உலர்காற்று தேவை. ஈரப்படுத்துவதால் சேரும் நீராவி இந்த அளவைக் கூட்டும். ஆனால் நாம் தேடும் விகிதங்களைப் பெரிதாக மாற்றாது. 50 வாய்க்கால்களில் இதைச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண் 70-க்கும் குறைவு. அதாவது முழுமையான அடுக்கு ஓட்டம். 10 செ.மீ. நீளத்தில் ஏற்படும் அழுத்த வீழ்ச்சி வெறும் 85 பாஸ்கல்.

தலைவாய்க்காலுக்கு வருவோம். 3 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் உள்ள அந்தக் குறுகிய வழியில் மொத்தக் காற்றும் நுழைகிறது. நுழையும் இடத்தில் வேகம் நொடிக்கு 24 மீட்டர். காற்று கிளை கிளையாகப் பிரிந்து வேகம் குறையும்போது அழுத்தம் மீள்கிறது. அந்த மீட்சி அதிகபட்சம் 280 பாஸ்கல். உராய்வால் அதே வழியில் இழக்கும் அழுத்தம் சுமார் 375 பாஸ்கல். வாய்க்காலின் வீழ்ச்சியோ 85. காற்றைப் பங்கிட்டுத் தர வேண்டிய வழி, பங்கு பெறும் வாய்க்கால்களைவிடப் பன்மடங்கு தடை தருகிறது. இந்த நிலையில் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதைத் தலைவாய்க்காலும் வடிகாலும்தான் தீர்மானிக்கும். வாய்க்காலின் அளவுக்கு அதில் குரலே இல்லை.

மூலைக்கு மூலை அமைப்பில் எல்லாப் பாதைகளும் ஒரே நீளம் என்ற வாதத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நீளம் சமம் என்றாலும் தடை சமம் அன்று; தலைவாய்க்காலின் தொடக்கத்தில் காற்று வேகமாகவும் முடிவில் மெதுவாகவும் ஓடுகிறது, வடிகாலில் நேர்மாறாக. உராய்வு மேலோங்கினால் தலைவாய்க்காலில் அழுத்தம் தொடக்கத்திலும் வடிகாலில் முடிவிலும் செங்குத்தாக இறங்கும். விளைவாக நடுவில் உள்ள வாய்க்கால்கள் பட்டினி கிடக்கும். உந்தம், அதாவது வேகம் குறையும்போது மீளும் அழுத்தம், மேலோங்கினால் கடைமடை வாய்க்கால்கள் மிகுதியாகப் பெற, தலைமடை வாய்க்கால்கள் காயும். காற்று நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் ஒரே பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் அருகில் உள்ளவை மிகுதியாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் பெறும். வாய்களை இடம் மாற்றிப் பார்ப்பதால், யார் பட்டினி கிடப்பது என்பது மட்டுமே மாறும்.

தலைவாய்க்காலை அகலப்படுத்தினால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆழப்படுத்தத் தகட்டின் தடிமன் இடம் தராது. எனவே அகலத்தை மட்டும் 20 மி.மீ. ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். உந்தத்தால் வரும் மாற்றம் 6 பாஸ்கலாகச் சுருங்கிவிடும். உராய்வு இழப்பு மட்டும் இன்னும் 45 பாஸ்கலுக்குக் குறையாது. வாய்க்கால் வீழ்ச்சியில் பாதிக்கும் மேல். வடிகாலுக்கும் அதே அகலம் கொடுத்தால் 100 மி.மீ. தகட்டில் 40 மி.மீ. மின்சாரம் தராத இடமாகப் போய்விடும். ஆகவே இந்தப் பக்கம் வழியில்லை; வாய்க்காலின் தடையைத்தான் உயர்த்த வேண்டும்.

தடையை உயர்த்தும் எளிய வழி, வாய்க்கால்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் பாம்பு நெளிவாகப் பலமுறை போக வரச் செய்வது. n முறை கடக்கச் செய்தால் வேகம் n மடங்காகும், நீளமும் n மடங்காகும். அடுக்கு ஓட்டத்தில் வீழ்ச்சி n-இன் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். 50 வாய்க்கால்களையும் ஒன்றாகத் தொடுத்து ஒற்றைப் பாம்பாக்கினால் 85-ஐ 2,500-ஆல் பெருக்க வேண்டும். இரண்டு வளிமண்டலத்துக்கும் மேல் வருகிறது. அந்த வேகத்தில் அடுக்கு ஓட்டமும் நிலைக்காது என்பதால் உண்மை இன்னும் மோசமாக இருக்கும். அந்தக் காற்றைத் தள்ளவே குறைந்தது 15 வாட் வேண்டும். மின்கலமோ 65 வாட் அளவில்தான் தருகிறது. அதற்குப் பதில், 5 வாய்க்கால்கள் இணையாகச் சேர்ந்து 10 முறை கடக்கும் அமைப்பை எடுத்தால் வீழ்ச்சி 8,500 பாஸ்கல், வளைவுகளின் இழப்பு தனியாக ஓர் ஆயிரம் அல்லது அதற்குச் சற்று மேல். தள்ளத் தேவையான திறன் ஒரு வாட்டுக்குள் அடங்குகிறது. காற்றைத் தள்ளும் ஊதியின் திறன் குறைவைச் சேர்த்தாலும் தாங்கக்கூடியதே. இப்போது தலைவாய்க்கால் 5 கிளைகளுக்கு மட்டும் பிரித்தால் போதும். பழைய 3 மி.மீ. அகலத்தையே வைத்துக்கொண்டாலும், 280 பாஸ்கல் என்பது 8,500-இல் மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. முன்பு எல்லாவற்றையும் கெடுத்த அதே எண் இப்போது பொருட்படுத்தத் தேவையற்றதாகிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சேர்ந்து திரும்பும் ஐந்து வாய்க்கால்களில் வெளிப்புறத்தது நீளமாகவும் உட்புறத்தது குட்டையாகவும் இருக்கும். அடுத்த திருப்பம் எதிர்த்திசையில் வருவதால் வெளிப்புறம் உட்புறமாகி, வேறுபாடு ஈடுசெய்யப்படும். ஆனால் திருப்பங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் மட்டுமே முழுவதும் ஈடாகும். 10 முறை கடந்தால் 9 திருப்பங்கள், ஒன்று மிஞ்சும். ஒரு மீட்டர் நீளத்தில் அது 3 செ.மீ. அளவுக்கு வேறுபாடு தரும். நான் இதைப் பொறுத்துக்கொள்வேன், பிடிவாதக்காரர்கள் 9 அல்லது 11 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது வெறும் காற்றின் கதை. உங்கள் மின்னழுத்தம் உடனே சரியாமல் சில நிமிடம் கழித்துச் சரிவதற்குக் காரணம் நீர். 100 ஆம்பியரில் மணிக்கு ஏறத்தாழ 34 கிராம் நீர் காற்றுப் பக்கத்தில் உருவாகிறது. அதில் ஒரு பகுதி துளியாகித் திரண்டு, 1 மி.மீ. வாய்க்காலை முழுவதும் அடைத்து நின்றால், பரப்பு இழுவிசை அதை இருந்த இடத்திலேயே பிடித்துவைக்கும். சுவர்களில் நீர் ஒட்டும் தன்மையைப் பொறுத்து இந்தப் பிடிப்பு 100 பாஸ்கல் என்ற அளவில் இருக்கும். இணை வாய்க்கால்களில் அடைப்பைத் தள்ளக் கிடைப்பது 85 பாஸ்கல் மட்டுமே. அடைப்பு நகராது, அந்த வாய்க்காலின் பங்கை மற்ற 49-உம் பகிர்ந்துகொள்வதால் அழுத்தமும் ஏறுவதில்லை, நீர் மேலும் சேர்கிறது, அடுத்த வாய்க்காலும் அடைகிறது. நீங்கள் காற்றைக் கூட்டியபோது சிறிது மீண்டது, எல்லைக்கோட்டில் நின்ற சில அடைப்புகள் தள்ளப்பட்டதால். ஐந்து பாம்புகளின் அமைப்பில் ஒன்று அடைத்தால் அதன் இரு முனைகளுக்கு இடையே 8,500 பாஸ்கல் காத்திருக்கிறது; துளி நிற்க வழியில்லை. பாம்பு நெளிவு இன்றும் ஆய்வுக்கூடங்களில் முதல் தேர்வாக இருப்பதற்கு, சமப் பங்கீட்டைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

நெளிவில் ஒரு பக்கவிளைவும் உண்டு. அடுத்தடுத்த கடப்புகளுக்கு இடையே அழுத்த வேறுபாடு இருப்பதால், காற்றில் ஒரு பகுதி வரப்புக்கு அடியில், தகட்டோடு அழுத்தி வைத்திருக்கும் கார்பன் தாளின் துளைகள் வழியே குறுக்கே கசியும். கணக்கு சற்றுப் பிசகினாலும், வரப்புக்கு அடியில் தேங்கும் நீரை அது அகற்றுவதால் நான் அதைக் குறையாகக் கருதுவதில்லை. கோத்த விரல்களைப் போல், நுழைவு வாய்க்கால்கள் முட்டுச்சந்தில் முடிந்து காற்று கட்டாயமாகத் தாளின் வழியே போகும் அமைப்பு இந்தக் கசிவையே முதன்மை வழியாக்குகிறது. பங்கீடு முழுவதும் தாளின் துளைகளை நம்பியிருக்கும் என்பதால் தொடக்கநிலையில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஹைட்ரஜன் பக்கத்தை மறந்துவிடாதீர்கள். அங்கே வாயுவின் அளவும் குறைவு, பாகுநிலையும் (ஓட்டத்தைத் தடுக்கும் உள்உராய்வு) காற்றில் பாதியை ஒட்டியது. உங்கள் இணை வாய்க்கால்களையே அங்கும் வெட்டியிருந்தால் வீழ்ச்சி 13 பாஸ்கல் அளவில்தான் இருக்கும். இரு பக்கங்களையும் பிரிக்கும் சவ்வைக் கடந்து வரும் ஒரு சிறு துளியே ஒரு வாய்க்காலை மூடப் போதும். காற்றுக் குறைவால் மின்னழுத்தம் மட்டுமே சரியும். ஹைட்ரஜன் ஓரிடத்தில் மட்டும் வற்றினால் எதிர்ப்புறத்தில், காற்றுப் பக்கத்து வினையூக்கியைத் தாங்கும் கார்பன் அரிக்கப்படும், அந்தச் சேதம் மீளாது.

உற்பத்திப் பிழை பற்றிச் சுருக்கமாக. வாய்க்காலின் இரு அளவுகளும் 5 விழுக்காடு கூடினால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 20 விழுக்காட்டுக்கு மேல் கூடும், ஏனெனில் ஓட்டம் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. மேலும், இறுக்கிக் கட்டும்போது கார்பன் தாள் வாய்க்காலுக்குள் பிதுங்கும். 1 மி.மீ. ஆழத்தில் 0.05 மி.மீ. பிதுங்கினால் ஓட்டம் பத்து விழுக்காடு குறையும். அழுத்தி வார்த்த உலோகத் தகட்டின் 0.4 மி.மீ. ஆழத்தில் அதே பிதுக்கம் மூன்றில் ஒரு பங்கையே பறித்துவிடும். வாய்க்காலை அகலமாக்கினால் பிதுக்கம் மிகும். எனவே திருகுகளை ஒரே முறுக்கத்தில் இறுக்குவதும் பங்கீட்டு வடிவமைப்பின் ஒரு பகுதியே.

இணையத்தில் இலை நரம்பு, மரக்கிளை போன்ற அமைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போனால் 6 நிலைகளில் 64 வாய்க்கால்கள் கிடைக்கும். சமச்சீரால் பங்கீடு இயல்பாகவே ஒத்துவரும். மின்கலத்தைக் குளிர்விக்கும் நீர் ஓடும் பக்கத்துக்கு அது நன்று, அங்கே துளிச் சிக்கல் இல்லை. வாயுப் பக்கத்தில், நீர் ஒரு கிளையை அடைத்த நொடியிலேயே சமச்சீர் போய்விடும். சிக்கலான வடிவமே சிறந்தது என்பதும் இல்லை. டொயோட்டா நிறுவனம் 2014-இல் வெளியிட்ட மிராய் காரின் காற்றுப் பக்கத்தில் முப்பரிமாண நுண்வலை அமைப்பைப் பயன்படுத்தியது. 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அதை விட்டுவிட்டு, ஆங்காங்கே குறுகும் வாய்க்கால்களுக்கு மாறியது. அந்தக் கார்களில் 300-க்கும் மேற்பட்ட மின்கலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒவ்வொரு மின்கலமும் ஒரு வாய்க்கால், அடுக்கின் நெடுகே ஓடும் குழாய் தலைவாய்க்கால் என்று வைத்து இதே விகிதக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அடுத்த தகட்டை வெட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அதே அளவில் அக்ரிலிக் தகட்டில் வாய்க்கால்களை வெட்டி, மேலே தட்டையான மூடி வைத்து, காற்றுக்குப் பதில் தண்ணீரை ஓட விடுங்கள். தண்ணீரின் இயக்கப் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த அளவு), 80 டிகிரிக் காற்றினுடையதில் ஏறத்தாழ 21-இல் ஒரு பங்கு. ஆகவே ரெனால்ட்ஸ் எண் ஒத்துவர நொடிக்கு 3.4 கன செ.மீ. தண்ணீர் போதும். நுழைவாயில் ஒரு சொட்டுச் சாயத்தைச் செலுத்தி, ஐந்து வாய்க்கால்களிலும் நிறத்தின் முன்விளிம்பு கடைசித் திருப்பத்தை எப்போது தொடுகிறது என்று கைப்பேசியில் படம் பிடியுங்கள். முதலில் உங்கள் பழைய 50 வாய்க்கால் அமைப்பையே இப்படிச் சோதித்தால், எந்த வாய்க்கால்கள் பட்டினி கிடந்தன என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐந்து முன்விளிம்புகளும் சில விழுக்காட்டு நேர வேறுபாட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகே கிராஃபைட்டை இயந்திரத்தில் ஏற்றுங்கள்.