சார்ல்ஸ்டன் காலத்துப் பாட்டுகளை 1950களில் திரும்ப வாசித்த எல்பி வாங்கலாமா, 78 தட்டே தேடலாமா?

வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார். சார்ல்ஸ்டன் என்பது 1920களில் அமெரிக்காவைக் கலக்கிய ஆட்டம். 78 என்பது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் காலத்து இசைத்தட்டு, எல்பி பிற்பாடு வந்த, மெதுவாகச் சுற்றும் நீண்ட நேரத் தட்டு. அவர் கடையில் பார்த்தது ‘தி ரோரிங் 20ஸ்’ எல்பி. கிராண்ட் அவார்டு கம்பெனி 1950களின் பின்பாதியில் போட்டது. உறையில் சார்ல்ஸ்டன் சிட்டி ஆல் ஸ்டார்ஸ் என்று இருக்கும். நடத்தியவர் ஈனாக் லைட்.

தாராளமாக வாங்குங்கள். இது அசல் இல்லை, நகல்தானே என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

1925 வரை அமெரிக்காவில் வந்த தட்டுகளில் அநேகமாக எதற்கும் மைக் கிடையாது. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கியடித்து நின்று வாசிப்பார்கள். அந்தச் சத்தத்தின் அதிர்வே நேராக ஊசியை ஆட்டி மெழுகில் கோடு போடும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும். அதனால் 1923இல் இண்டியானாவின் ரிச்மண்டில் கிங் ஆலிவரின் ஜாஸ் குழு பதிவு செய்தபோது, டிரம்மர் பேபி டாட்ஸ் மரக்கட்டையைத் தட்டித்தான் சமாளித்தார். வயலின் எடுபடாது என்று அதில் உலோகக் குழல் வைத்த ஸ்ட்ரோ வயலின் என்றொரு வாத்தியமே புழக்கத்தில் இருந்தது. கான்ட்ராபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்குப் பதில் பல குழுக்களில் டியூபா என்ற பெரிய ஊதுகுழல். பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் மட்டும் கணீரென்று விழும்.

அதாவது அசல் தட்டில் இருப்பது அன்றைக்கு நடன அரங்கில் கேட்டது அல்ல, புனல் ஏற்றுக்கொண்டது மட்டும்தான். 1925இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் மின்பதிவு முறை வந்த பிறகு நிலைமை நன்றாகத் தேறியது. ஆனாலும் 1950களின் துல்லியமான ஹை-ஃபை ஒலி அளவுக்கு இல்லை.

லைட்டின் எல்பி அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. டியூபா அடிவயிற்றில் இருந்து வருகிறது, சிம்பல் சிதறுவது தனியாகக் கேட்கிறது. ஆளும் வெளியாள் அல்ல. 1930களில் லைட் பிரிகேட் என்ற நடன இசைக்குழுவையே நடத்தியவர். ஒலிப்பதிவில் அவருக்கு ஒரு பித்து. 1959இல் கமாண்ட் கம்பெனியைத் தொடங்கி, சத்தம் இடது வலது என்று தாவும் ‘பர்சுவேசிவ் பர்க்கஷன்’ தட்டைப் போட்டு அமெரிக்காவையே ஸ்டீரியோ வாங்க வைத்தார். அந்தக் கைதான் இதிலும்.

சரி, எங்கே இடறுகிறது? வாசிப்பில்தான். 1950களில் இந்த இசையை வாசித்தவர்கள் பலரும் கொஞ்சம் கண்ணடித்துக்கொண்டே வாசித்தார்கள். டிராம்போன் வழுக்கல் அதிகம், கிளாரினெட் வேண்டுமென்றே கோமாளித்தனம் செய்யும். ‘அப்பா காலத்து வேடிக்கை’ என்ற தொனி. 1920களில் இது நகைச்சுவை இல்லை, புத்தம்புதிய ஆட்டப் பாட்டு. எனக்கு இந்த வகைத் தட்டுகளில் இரண்டாம் பக்கம் போவதற்குள் சலிப்பு தட்டுவது இதனால்தான்.

இன்னொன்று, இந்த மறுமலர்ச்சித் தட்டுகளின் உறைகளில் முத்துமாலை சுழற்றும் வெள்ளைக்காரப் பெண்தான் வழக்கமாக இருப்பாள். ‘சார்ல்ஸ்டன்’ பாட்டுக்கு இசை போட்டவரோ நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமின் பியானோ மேதை ஜேம்ஸ் பி. ஜான்சன், வரிகள் செசில் மேக். கறுப்பின நடிகர்கள் நடித்த ‘ரன்னின் வைல்ட்’ என்ற பிராட்வே இசை நாடகத்தில் 1923இல் எலிசபெத் வெல்ச் அதைப் பாடினார். ஊரெல்லாம் ஆடத் தொடங்கியது அதற்கப்புறம்தான். அந்த உயிர் தாளத்தில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலால் தட்டிக்கொண்டே கேளுங்கள். முதல் அடி ஒன்றில் விழும். அடுத்தது மூன்றில் விழாது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் முந்திக்கொண்டு விழும். முழங்கால் தானாக உதறுவது அந்த முந்தலால். எல்பியில் இந்த இடம் துல்லியமாகக் கேட்கும், அதற்கே காசு கொடுக்கலாம். அப்புறம் ஜான்சனின் பியானோவை இணையத்தில் தேடிக் கேளுங்கள், எதை மெருகேற்றினார்கள், எதைத் தேய்த்துவிட்டார்கள் என்று புரியும்.

கடைக்காரர் அரிய தட்டு என்று விலையை ஏற்றினால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் மலிவு விலைப் பெட்டிகளில் சாதாரணமாகக் கிடக்கும் தட்டு இது. இடது வலது பிரிவில்லாத மோனோ அச்சை இன்றைய ஸ்டீரியோ ஊசியில் ஓட்டலாம், ஒன்றும் ஆகாது. ஸ்டீரியோ அச்சை மட்டும் பழைய மோனோ பிளேயரில் வைக்காதீர்கள், மேலும் கீழும் அசையத் தெரியாத அந்த ஊசி பள்ளத்தைச் சிதைத்துவிடும். 78 தட்டுதான் வேண்டும் என்றால் அந்த வேகம் உள்ள பிளேயரும், எல்பி ஊசியைவிடத் தடித்த தனி ஊசியும் வேண்டும். அதற்கு ஆகும் செலவில் இது போல நாலைந்து எல்பி வாங்கிவிடலாம்.